காரின் மினுமினுப்புக்கு ஆயிரத்து நானூறு வெள்ளியா?



தமிழாசிரியனுக்குக் கார் மெழுகைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். முறையான கேள்விதான். வகுப்பறையில் ‘மகிழுந்து’ என்று எழுதாத மாணவனின் தாளில் சிவப்புக் கோடு போடுகிறவன் நான். ஆயினும் இக்கட்டுரையில் கார் என்றே எழுதப் போகிறேன். தேக்காவில் எவரும் மகிழுந்துக்கு மெழுகு வாங்குவதில்லை.

சென்ற வாரம் எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் பக்கத்து வீட்டு அண்ணனைச் சந்தித்தேன். தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர். பழைய கார்தான், ஆனால் சொந்தக் கார். கையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு விளம்பரம் வைத்திருந்தார்.

“தம்பி, இதைப் பூசிட்டா அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்லையாம். மெழுகு வேண்டாமாம், மெருகு வேண்டாமாம். ஆயிரத்து நானூறு வெள்ளிதான். பன்னிரண்டு தவணையில கட்டலாம்னு சொல்றாங்க. நீங்க படிச்சவங்க, பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

ஆயிரத்து நானூறு வெள்ளி உங்களுக்கு எத்தனை நாள் ஓட்டம் என்று கேட்டேன். மின்தூக்கி ஏழாம் மாடியைத் தாண்டுவதற்குள் கணக்கிட்டுச் சொன்னார்: “பெட்ரோல் கழிச்சா, ஒரு பத்து நாள்.”

பத்து நாள் உழைப்பை ஒரு பூச்சுக்குக் கொடுக்கலாமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. கூடாது என்பது என் விடை. அதற்கான காரணங்களைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

நான் ஏமாந்த கதை

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் என் கதையைச் சொல்லிவிடுவதே நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்றை வாங்கினேன். விற்பனையாளர் தேநீர் கொடுத்தார். கையெழுத்திட வேண்டிய தாள்களுக்கு நடுவே ‘செராமிக் பாதுகாப்புத் திட்டம்’ என்ற தாளையும் செருகினார். “சார், நம்ம ஊரு வெயிலுக்கு இது இல்லாம வண்டிய வெளிய எடுக்காதீங்க” என்றார். கையெழுத்திட்டேன்.

எட்டாம் மாதம், திறந்த மாடியில் நிறுத்தியிருந்த காரின் முன்மூடியில் மைனாக்கள் எச்சமிட்டிருந்தன. இரண்டு நாள் பள்ளி வேலையில் கவனிக்கவில்லை. துடைத்த பிறகு பார்த்தால், ஐந்து காசு நாணயம் அளவில் மங்கலான பள்ளம். ‘பாதுகாப்பு’ வாங்கியிருக்கிறோமே என்று கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் உத்தரவாதத் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். பறவை எச்சம், மரப்பிசின், பூச்சி, நீர்க்கறை ஆகியவற்றால் நேரும் சேதம் உத்தரவாதத்தில் சேராது. ஆண்டுதோறும் அவர்களிடமே கட்டணம் செலுத்திப் பராமரிப்புச் செய்யாவிட்டால் உத்தரவாதமே செல்லாது.

சிங்கப்பூரில் காரின் வண்ணத்தைக் கெடுப்பவை எவையோ, அவை அத்தனையும் விலக்கப்பட்டிருந்தன. எஞ்சியது எதற்கான காப்பு என்று கேட்டேன். “சாதாரணப் பயன்பாட்டுக்கு சார்” என்றார். முப்பது ஆண்டுகளாகக் கருத்தறிதல் பயிற்சி நடத்துகிறவன், கையெழுத்திடுமுன் ஒரு பக்கத்தைத் திருப்பிப் படிக்கவில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது. மறுபாதியைப் பற்றியே எழுதுகிறேன்.

நாம் காப்பது எதை?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். இன்றைய காரின் உலோகத்தின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, வண்ணப்பூச்சு, அதன்மேல் நிறமற்ற தெளிபூச்சு என்று அடுக்கடுக்காகப் பூசப்படுகிறது. அத்தனை அடுக்கும் சேர்ந்தால் நாம் வகுப்பில் பயன்படுத்தும் ஒரு நகல்தாளின் தடிமன், அதாவது நூறு மைக்ரானும் அதற்குச் சற்று மேலும். தெளிபூச்சு மட்டும் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் வேதிப்பொருள்கள் இந்த அடுக்கில்தான் தொழிற்சாலையிலேயே கலக்கப்படுகின்றன.

நம் தந்தையர் காலத்தில் இந்தத் தெளிபூச்சு இல்லை. வண்ணமே வெளியடுக்கு. மோரிஸ் மைனர் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெயிலில் வண்ணம் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிரும், விரலை வைத்தால் விரலில் ஒட்டும். அதனால் மாதந்தோறும் தேய்த்து மெழுகு பூசினார்கள். அது அந்தக் காலத்துக்குச் சரியான வழக்கம். 1980களில் தெளிபூச்சு பரவியபின் நிலைமை மாறிவிட்டது. அச்சம் மட்டும் மாறவில்லை. அந்த அச்சத்தைத்தான் இன்று புதுப் பெயரில் நமக்கு விற்கிறார்கள்.

அப்படியானால் ஒன்றுமே பூச வேண்டாமா? வேண்டும். நம் தீவின் இயல்பைப் பாருங்கள். வானிலை ஆய்வு மையம் 1991 முதல் 2020 வரையிலான பதிவுகளைக் கொண்டு கணித்த சராசரிப்படி, இங்கே ஆண்டுக்கு 171 நாள் மழை, 2,113 மில்லிமீட்டர். சென்னையில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்தான். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைகூட விலகாத வெயில். மக்களில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக வீடுகளில் வாழ்கிறோம், சொந்தக் கொட்டகை கிடையாது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பிந்தி வந்தவனுக்கு உச்சி மாடிதான். தரையில் நிறுத்தினால் மேலே தூங்குமூஞ்சி மரம், அதன் ஒட்டும் காய்கள், கிளையில் மைனாக்கூட்டம்.

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குக் காயும் தகட்டில் தெளிபூச்சு இளகுகிறது. எச்சம் அதன்மேல் காய்ந்து இறுகுகிறது. மாலையில் தகடு குளிரும்போது தெளிபூச்சு அந்த எச்சத்தின் வடிவத்துக்கு ஏற்பச் சுருங்குகிறது. அமிலமும் சேர்ந்து அரிக்கிறது. இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, விரைவில் நீர் ஊற்றி நனைத்து எடுப்பது. இரண்டு, இடையில் தியாகம் செய்வதற்கென்றே ஒரு மெல்லிய படலம் வைத்திருப்பது. அந்தப் படலம் அரிபட்டுப் போகும், மறுபடி பூசிக்கொள்ளலாம். அதன் வேலை அவ்வளவே. அது மலிவாகவும் எளிதில் மறுபடி பூசக்கூடியதாகவும் இருந்தால் போதும்.

‘9எச்’ என்னும் மந்திரம்

அண்ணன் காட்டிய தாளில் ‘9எச் கடினம்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வைரத்தின் படம். வைரத்தின் கடினம் பத்து, இது ஒன்பது என்று வாசகன் தானே முடிவு செய்துகொள்வான் என்று கணக்கு.

அன்பர்களே, 9எச் என்பது வைரத்தின் அளவுகோல் அன்று. பென்சிலின் அளவுகோல்! நம் பிள்ளைகள் ஓவிய வகுப்புக்கு வாங்கும் 2பி, எச்பி, 2எச் என்ற வரிசையின் கடைசியில் நிற்பது 9எச். பூச்சின்மேல் பென்சிலை 45 பாகைச் சாய்வில் 750 கிராம் எடையுடன் அழுத்தித் தள்ளுவார்கள். கீறல் விழாவிட்டால் அந்தப் பென்சிலின் எண்ணைப் பூச்சுக்குத் தருவார்கள். பூச்சுத் தொழிலில் இது ஒழுங்கான சோதனைதான், தவறில்லை. ஆனால் வைரத்தைப் பத்து என்று வைக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் உறவே இல்லை. அந்த அளவுகோலில் மணலிலுள்ள குவார்ட்சுக்கு ஏழு. சாலையோரக் கட்டுமானத்தளத்துத் தூசியில் இருப்பதும் அந்தக் குவார்ட்சுதான். பென்சிலை வென்ற பூச்சு தூசியை வெல்லும் என்று எவரும் உறுதி தரவில்லை. படம் மட்டும் தருகிறது.

அடுத்த சொல் ‘டெஃப்லான்’. சில புட்டிகளில் இன்னும் இந்தப் பெருமை அச்சிடப்படுகிறது. வாணலியில் டெஃப்லான் ஒட்டுவது ஆலையில் கடும் வெப்பத்தில் சுட்டு எடுப்பதால். அதன் உருகுநிலை ஏறத்தாழ 327 பாகை செல்சியஸ். அந்த வெப்பத்தைக் காருக்குக் கொடுத்தால் வண்ணம் மிஞ்சாது. துணியால் தேய்த்து வாணலியின் வழவழப்பைக் காருக்கு ஏற்றலாம் என்பது அடைமொழிக்குக் கொடுக்கும் விலை.

செராமிக் பூச்சு முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. சிலிக்கான் சேர்மங்களால் ஆன அது மெழுகைவிட நெடுநாள் நிற்கும், அழுக்கு எளிதில் ஒட்டாது. ஆனால் அதன் தடிமன் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான். எச்சம் அதையும் அரிக்கும், கல்பட்டால் அதுவும் உடையும். மேலும் அதைப் பூசுமுன் பரப்பை இயந்திரத்தால் மினுக்குவார்கள். ஒவ்வொரு மினுக்கலிலும் தெளிபூச்சு சில மைக்ரான் தேயும். ஆண்டுப் பராமரிப்பு என்ற பெயரில் மறுபடி மறுபடி மினுக்கினால், எதைக் காக்கப் பணம் கொடுத்தோமோ அதையே தேய்த்துக்கொண்டிருப்போம்.

மெழுகா, சீலன்டா?

இனி அன்றாடக் காருக்கு என்ன வாங்கலாம் என்பதைப் பார்ப்போம்.

மெழுகு என்றால் கடைக்காரர் முதலில் சொல்வது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை மரத்தின் ஓலையிலிருந்து உதிர்த்தெடுக்கும் மெழுகு இது. நம் பனையைப் போலவே விசிறி ஓலை. ஏட்டுச்சுவடிக்கு எண்ணெய் பூசிக் காத்த மரபில் வந்த எனக்கு இந்த ஓலை உறவு பிடித்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ‘நூறு விழுக்காடு கார்னோபா’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். தூய கார்னோபா செங்கல்லைப் போல இறுகியது, உருகுநிலை 82 முதல் 86 பாகை செல்சியஸ். கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகுகளும் கலந்தால்தான் துணியில் வரும். ‘நம் வெயிலில் மெழுகு உருகி ஓடிவிடும்’ என்று செராமிக் விற்பவர் சொல்வதும் இதே அளவுக்கு மிகை. கலந்த மெழுகு சூட்டில் இளகும், பிறகு மழையும் சோப்பும் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கொண்டுபோய்விடும்.

சீலன்ட் என்பது செயற்கைப் பலபடிகளால் ஆனது. சூட்டுக்கும் சோப்புக்கும் மெழுகைவிட நன்றாகத் தாங்கும். ஒளிர்வில் மெழுகின் ஆழம் இராது, சற்றுக் கண்ணாடித்தன்மை தெரியும் என்பார்கள் இரசிகர்கள். இரவு பத்து மணிக்கு வீவக விளக்கொளியில் கார் நிறுத்துகிறவருக்கு அந்த நுட்ப வேறுபாடு என்ன செய்யும்?

கேள்விப்பட்டதை மட்டும் எழுதக்கூடாது என்று நானே ஒரு சோதனை செய்தேன். முன்மூடியின் நடுவே காகித ஒட்டுநாடா ஒட்டி, ஒருபக்கம் மெழுகும் மறுபக்கம் சீலன்டும் பூசினேன். வாரம் ஒருமுறை ஒரே சோப்பு, ஒரே துணி. காரோ பாதி நாள் திறந்த மாடியில். மெழுகுப் பக்கத்தில் ஆறாம் வாரம் நீர் முத்தாக நிற்காமல் பாயாகப் படர்ந்தது. சீலன்ட் பக்கத்தில் நான்காம் மாதம் வரை முத்து நின்றது. ஒரே காரில் ஒருவன் செய்த சோதனை, ஆய்வேடு அன்று. ஆனால் ஒட்டுநாடாவின் விலை ஒரு வெள்ளி, நீங்களும் செய்து பார்க்கலாம்.

நீர்முத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முத்து நிற்பது பரப்பில் படலம் இருக்கிறது என்பதற்கு அடையாளம், காப்பின் அளவைக் காட்டும் கருவி அன்று. கழுவிய பிறகு முத்து முத்தாக விட்டுவிட்டு வெயிலில் நிறுத்தினால், நீர் ஆவியாகித் தூசியும் உப்பும் வட்டக் கறையாகத் தங்கும். அழகைப் படம் எடுத்த பின்னாவது துடைத்துவிடுங்கள்.

ஆகவே என் பரிந்துரை இது. திறந்த வெளியில் நிற்கும் அன்றாடக் காருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல சீலன்ட். தேய்ப்பதில் இன்பம் காண்பவர் அதன்மேல் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மெழுகு பூசிக்கொள்ளலாம், அது அழகுக்கு. சீலன்டை மெழுகின் மேல் பூசாதீர்கள், பிடிக்காது. வெள்ளைக் கார் வைத்திருப்பவர் மெழுகைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஒரு புட்டி ஓராண்டுக்கு மேல் வரும், விலை குடும்பத்தோடு சிராங்கூன் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாடு.

பூசையும் பூச்சும்

நம்மவர்க்கே உரிய ஒரு செய்தி. புதுக்கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். சரசுவதி பூசை, ஆயுத பூசைக்கும் அவ்வாறே. முன்மூடியில் சந்தனம், குங்குமம், திருநீறு, சக்கரத்தடியில் எலுமிச்சை. இதைக் குறை சொல்ல மாட்டேன், என் காரும் போகிறது. ஆனால் காய்ந்த சந்தனம் பொடிந்த மரம், திருநீறு சாம்பல். மறுநாள் உலர்ந்த துணியால் பக்தியோடு அழுத்தித் துடைத்தால் அது உப்புத்தாள் தேய்ப்பதற்கு ஒப்பு. மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் வெயிலில் கறையாகும். பூசைக்கு முதல்வாரம் சீலன்ட் பூசுங்கள். பூசை முடிந்த அன்று மாலையே நிறைய நீர் ஊற்றி ஊறவைத்து இறக்குங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒற்றை வாளி

எந்தப் பூச்சையும்விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. விளம்பரத்தாளில் அது இராது. வெயிலில் கார் வாசலில் நின்றால் வண்ணத்தில் சிலந்திவலை போல வட்ட வட்டக் கீறல் தெரிகிறதே, அதை உண்டாக்குவது பெரும்பாலும் நாம் கழுவும் விதம்தான். விடியற்காலையில் எங்கள் நிறுத்துமிடத்தில் ஒரு தம்பி மாதக் கட்டணத்துக்குக் கார் கழுவுகிறார். ஒரு வாளி நீர், ஒரு துணி, பல கார்கள். முதற்காரின் மணல் அடுத்த காரின் கதவில் தேய்கிறது. அவரைக் குறை சொல்லாதீர்கள். நாம் கொடுக்கும் கூலிக்கும் தண்ணீருக்கும் அதுதான் முடியும். உங்கள் காருக்கென்று ஒரு தனித் துணியும் இரண்டாம் வாளியும் வாங்கிக் கொடுங்கள், நன்றி சொல்வார்.

நீங்களே கழுவினால் முறை எளிது. நிழலில் நிறுத்துங்கள். முதலில் நீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள். ஒரு வாளியில் கார் சோப்பு, மற்றொன்றில் துணியை அலசத் தூயநீர். கூரையிலிருந்து கீழே வாருங்கள், சக்கரம் கடைசி. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டா, அது எண்ணெயைக் கரைப்பதுபோல் பூச்சையும் கரைக்கும். விரல் தடவினால் சொரசொரப்பு இருந்தால் களிமண் கட்டியை வழுக்குநீரோடு மெல்ல ஓட்டி எடுத்துவிட்டுப் பிறகு சீலன்ட் பூசுங்கள்.

மறுப்புகளுக்கு மறுமொழி

‘உரிமைச் சான்றிதழுக்கே இலட்சம் கொடுக்கிறோம், ஆயிரத்துக்கு அழுவதா?’ என்பார்கள். 2023 அக்டோபரில் சிறிய கார்ப் பிரிவில் அது 106,000 வெள்ளியைத் தொட்டது உண்மை. அந்தத் தொகை வாங்கித் தருவது பத்தாண்டு உரிமை. பத்தாண்டுக்குள் காரைப் பதிவு நீக்கினால் கிடைக்கும் தள்ளுபடி, செலுத்திய கூடுதல் பதிவுக் கட்டணத்தையும் காரின் வயதையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. வண்ணம் எப்படிப் பளபளக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. இடையில் இன்னொருவருக்கு விற்றால் தோற்றத்துக்கு மதிப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தோற்றத்தை இரண்டு வாளியும் ஒரு புட்டியும் தந்துவிடும். பெரிய செலவு ஒன்றைச் செய்துவிட்டோம் என்பது வீண்செலவு ஒன்றுக்கு நியாயமாகாது.

‘எனக்கு நேரம் இல்லை, அதனால் செராமிக்’ என்பது இரண்டாம் மறுப்பு. இது நேர்மையான காரணம். நேரமில்லாதவர், கையில் பணமுள்ளவர் வாங்கட்டும். ஆனால் செராமிக் பூசிய காரையும் கழுவத்தான் வேண்டும், எச்சத்தை உடனே எடுக்கத்தான் வேண்டும். எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

ஏமாந்தவர் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பொருளின் பயனைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது, 2004இல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக) சட்டத்தின்கீழ் முறையற்ற செயல். பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். ஆனால் விற்பவர் வாயால் சொன்னது தாளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை, அதனால் போகவும் முடியவில்லை.

அண்ணனுக்கு என்ன சொன்னேன்? அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். பறவை எச்சம் என்ற இடத்தில் அவரே நிறுத்தச் சொன்னார். சனிக்கிழமை காலை இருவரும் கீழே கார் கழுவும் இடத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. என் புட்டியில் பாதி மிச்சமிருக்கிறது, அவருடைய சிறிய காருக்கு அது போதும். இரண்டாம் வாளியை அவர் கொண்டுவருகிறார்.

மாற்றுக்கருத்து உடையோர் தாராளமாக எழுதுங்கள். ‘9எச்’ என்று மட்டும் எழுதாதீர்கள், பென்சிலைச் சீவச் சொல்லிவிடுவேன்.